சதுரங்க இயந்திரம் சொல்வதெல்லாம் சரியா?

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேச அழைத்த தோழர்கள் கொடுத்திருக்கும் விஷயம் சற்றுப் புதுமையானது. கம்ப்யூட்டர் சதுரங்கம் ஆடுகின்றதே, அது எவ்வளவு நன்றாக ஆடுகின்றது என்பதை எப்படி அறிவது? ஒரு நிலையைப் பார்த்தவுடன் இவருக்கு லாபம், அவருக்கு நஷ்டம் என்று எண் போட்டுச் சொல்லுகின்றதே, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது? இதைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டார்கள். பகுத்தறிவு பேச வேண்டிய மேடையில் விளையாட்டுப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். உண்மையாகச் சொன்னால் நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய பையனுக்கு இந்த எண்ணால் நேர்ந்த கதியைக் கேட்ட பிறகு, இது விளையாட்டுச் சங்கதி மாத்திரம் அல்ல என்று தெரிந்துகொண்டோம். அவனைப் பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம்.

2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சிங்கப்பூரில் நமது சென்னைப் பையன் குகேஷ், சீன தேசத்து டிங் லிரனுடன் உலகச் சாம்பியன் பட்டத்திற்கு ஆடியபோது இங்கே டீக்கடைகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் ஒரு செல்போனைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் பலகையைப் பார்த்தார்கள்? பலகைக்குப் பக்கத்தில் வெள்ளையும் கருப்புமாக ஒரு பட்டை ஏறி இறங்குகின்றது. அதைத்தான் பார்த்தார்கள். பட்டை ஏறினால் கைதட்டல். இறங்கினால், "முட்டாள், என்ன ஆட்டம் ஆடுகின்றான்" என்று வசவு. சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்று தெரியாதவர்கூட உலகச் சாம்பியனை முட்டாள் என்று சொல்லும் தைரியத்தை அந்தப் பட்டை கொடுத்துவிட்டது! ஜாதகக்காரன் சீட்டை எடுத்துப் படிக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு கேட்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இயந்திரம் கெட்டது, அதைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தை வைத்துப் பிழைக்கும் ஊரில் வந்து நின்று அப்படிச் சொல்ல நமக்குப் பைத்தியமா? நாம் சொல்லுவதெல்லாம், அளக்கும் கருவியை முதலில் அளந்து பாருங்கள் என்பதுதான். இது உங்களுக்குப் புதிதல்ல. இங்கே வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியை யாராவது நிறத்தைப் பார்த்து மதிப்புப் போடுகின்றார்களா? எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஆகவே மாதிரி எடுத்து, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எரித்தால் சூடு எவ்வளவு என்று பரிசோதனைச் சாலையில் பார்க்கின்றார்கள். அந்தச் சூட்டை அளக்கும் கருவி சரியாக அளக்கின்றது என்பது எப்படித் தெரியும்? எரித்தால் எவ்வளவு சூடு வரும் என்று முன்னமே திட்டமாகத் தெரிந்த பென்சாயிக் அமிலத்தை முதலில் அதில் எரித்துப் பார்க்கின்றார்கள். தெரிந்த விடை வந்தால்தான் தெரியாத கரியைப் பற்றி அந்தக் கருவி சொல்லுவதை ஒப்புக்கொள்ளுகின்றார்கள். சதுரங்க இயந்திரத்திற்கும் இதே விதிதான்.

சதுரங்கம் ஆடும் இயந்திரம் என்ற பேச்சே ஒரு மோசடியில்தான் ஆரம்பித்தது. 1770-ல் கெம்பெலன் என்பவர் ஆஸ்திரிய ராணி மரியா தெரேசாவின் அரண்மனையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டிக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய துருக்கிப் பொம்மை. கதவுகளைத் திறந்து உள்ளே பல்சக்கரங்களைக் காட்டி, பிறகு மூடிச் சாவி கொடுத்தால் பொம்மை காய் நகர்த்தும். பெரிய பெரிய கனவான்களெல்லாம் அதனிடம் தோற்றார்கள். ஏறக்குறைய 80 வருஷம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றி வசூல் செய்து, 1854-ல் பிலடெல்பியாவில் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. உள்ளே என்ன இருந்தது? ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்! நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் திருப்பூவனூர் என்ற ஊரில் சாமியே கிழவனாக வந்து ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து அவளைக் கலியாணம் செய்துகொண்டதாகத் தல புராணம் சொல்லுகின்றது. சாமி எந்தக் காயை எங்கே வைத்தார் என்று மாத்திரம் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் சோதித்துப் பார்க்கலாமல்லவா? போகட்டும்.

நிஜமான இயந்திரம் என்ன செய்கின்றது? அதற்கு இரண்டே வேலை. "நான் இப்படிப் போனால் நீ எப்படிப் போவாய், அதற்கு நான் எப்படி" என்று முன்னோக்கித் தேடுவது ஒன்று. தேடி நிற்கும் இடத்தில் அந்த நிலைக்கு ஒரு விலை போடுவது மற்றொன்று. விலைக்கு அடிப்படை நமது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்குத்தான்: சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. இதற்கு மேல் ராஜாவுக்குப் பாதுகாப்பு உண்டா, சிப்பாய்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று அரையும் காலுமாகக் கூட்டிக் கழிப்பார்கள். முன்பு இந்த விலைகளை மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2020 முதல் ஸ்டாக்பிஷ் போன்ற புரோகிராம்களில் கோடிக்கணக்கான நிலைகளிலிருந்து இயந்திரமே கற்றுக்கொண்ட வலை ஒன்று விலை போடுகின்றது. எப்படிப் போட்டாலும் அது மதிப்புத்தான், கண்ட உண்மை அல்ல. ஏனென்றால் கடைசி வரை தேட முடியாது. 1950-ல் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர் சதுரங்கத்தில் இருக்கக்கூடிய ஆட்டங்களைக் கணக்கிட்டு, ஒன்றுக்குப் பின்னால் 120 சைபர் போட வேண்டும் என்றார்.

இப்படிப் பாதி வழியில் தேடலை நிறுத்துவதால் ஒரு வேடிக்கை உண்டாகும். கடன்காரன் வெள்ளிக்கிழமை வருவான் என்றால், நம்மில் சிலர் வியாழக்கிழமையே இன்னொருவனிடம் கந்து வட்டிக்கு வாங்கி அவனுக்குக் கொஞ்சம் கொடுத்து, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டுக் கடனே தீர்ந்துவிட்டதுபோல் நிம்மதியாகத் தூங்குகின்றார்கள் அல்லவா? பழைய சதுரங்க இயந்திரங்கள் அப்படியே செய்தன. பத்தாவது நகர்த்தலில் யானை போகப் போகின்றது என்று தெரிந்தால், நடுவில் ஒரு சிப்பாயை வீணாகக் கொடுத்து அந்த ஆபத்தைப் பன்னிரண்டாவது நகர்த்தலுக்குத் தள்ளும். அதன் பார்வையோ பத்துவரைதான். ஆகவே ஆபத்தே இல்லை, சிப்பாய் ஒன்றுதான் நஷ்டம் என்று எண் போடும். பிறகு சிப்பாயும் போகும், யானையும் போகும். இன்றைய இயந்திரங்களில் இந்தக் குறை மிகவும் குறைந்துவிட்டது. பார்வை நீண்டதே தவிர முடிவற்றதாகிவிடவில்லை.

இனி, எவ்வளவு நன்றாக ஆடுகின்றது என்ற விஷயத்திற்கு வருவோம். 1998-ல் நமது விஸ்வநாதன் ஆனந்த் இத்தாலியில் ரெபெல் என்ற புரோகிராமோடு 8 ஆட்டம் ஆடினார். மொத்தத்தில் இயந்திரம் 5, ஆனந்த் 3. "இயந்திரம் ஜெயித்தது" என்று இதோடு விட்டால் அரைகுறைச் செய்தி. பிரித்துப் பாருங்கள். சில நிமிஷங்களில் முடியும் 4 ஆட்டங்களில் இயந்திரம் 3, ஆனந்த் 1. கால் மணி ஆட்டம் இரண்டில் இயந்திரம் ஒன்றரை, ஆனந்த் அரை. நிதானமாக மணிக்கணக்கில் யோசித்து ஆடும் இரண்டில் ஆனந்த் ஒன்றரை, இயந்திரம் அரை! மனிதரில் மின்னல் வேகக்காரர் என்று பேரெடுத்த ஆனந்தே வேக ஆட்டத்தில் தோற்று, நிதான ஆட்டத்தில் ஜெயித்தார். ஆகவே, எவ்வளவு நேரத்தில், எந்தக் கம்ப்யூட்டரில் என்று சொல்லாமல் இயந்திரம் இவ்வளவு நன்றாக ஆடும் என்று சொல்லுவது, படி எது மரக்கால் எது என்று சொல்லாமல் நெல் பத்து என்று சொல்லுவதுபோலத்தான்.

அதற்கு முந்திய வருஷம், 1997 மே மாதத்தில், நியூயார்க்கில் காஸ்பரோவ் ஐ.பி.எம். கம்பெனியின் டீப் புளூவிடம் மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்றார். அதற்கும் முந்திய வருஷம் அதே பெயருள்ள இயந்திரத்தை 4-க்கு 2 என்று அடித்தவர் அவர். டீப் புளூ செகண்டுக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கக்கூடியது. அந்த 1997 ஆட்டங்களில் இரண்டாவதில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போய்விட்டார். பிறகு ஆராய்ந்தவர்கள், அந்த நிலையில் இடைவிடாமல் ராஜாவுக்கு முற்றுகை கொடுத்து ஆட்டத்தைச் சமன் செய்ய வழி இருந்தது என்று காட்டினார்கள். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் ஏன் அதைத் தேடவில்லை? இவ்வளவு பெரிய இயந்திரம் அப்படி ஒரு ஓட்டையை விட்டிருக்காது என்று நம்பிவிட்டதே காரணமாக இருக்கலாமல்லவா? தோழர்களே, அன்று காஸ்பரோவைத் தோற்கடித்ததில் இயந்திரத்தின் பலம் பாதி, அதன் மேல் வைத்த பயபக்தி பாதி என்பது நமது அபிப்பிராயம்.

இன்று நிலைமை வேறு. கையில் இருக்கும் செல்போனில் ஓடும் புரோகிராமை எந்த மனிதனும் ஜெயிக்க முடியாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. மாட்டு வண்டி ரயிலை ஜெயிக்கவில்லை என்று யாரும் அழுவதில்லை. அதற்குப் பிறந்த நட்சத்திரமும் இல்லை, கோத்திரமும் இல்லை. சதுரங்க மூளை இன்னின்ன வம்சத்திற்குத்தான் வரும் என்று சொல்லித் திரிந்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகின்றார்களோ தெரியவில்லை.

மனிதனே எதிரில் நிற்க முடியாதபோது, இரண்டு இயந்திரங்களில் எது உயர்ந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஒன்றோடு ஒன்று ஆடவிடுவதுதான் வழி. ஆனால் பத்து ஆட்டம் போதாது. ஒரு ரூபாயை 100 தடவை சுண்டினால் 55 தடவை தலை விழுவது சர்வ சாதாரணம். அதற்காக அந்த ரூபாய்க்குத் தலைப் பக்கம் பலம் அதிகம் என்பீர்களா? அதனால்தான் ஸ்டாக்பிஷ் புரோகிராமைச் செய்பவர்கள், ஒரு வரியை மாற்றினால்கூட ஆயிரமாயிரம் ஆட்டங்கள் ஆடவைத்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுகின்றார்கள். 2013 முதல் இதற்காக உலகத்தில் பல பேர் தங்கள் கம்ப்யூட்டரைச் சும்மா இருக்கும் நேரத்தில் இரவல் கொடுத்து வருகின்றார்கள். கூலி கிடையாது. பெரிய பேர் வைத்திருப்பவர் சொன்ன யோசனையானாலும் ஆட்டத்தில் தேறாவிட்டால் குப்பையில்தான். நமது சபைகளில் இந்த வழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

களம் சமமா என்பதையும் பார்க்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆல்பாஜீரோ என்ற புரோகிராம், ஆட்ட விதிகளை மாத்திரம் தெரிந்துகொண்டு தன்னோடு தானே ஆடிக் கற்று, ஸ்டாக்பிஷ்ஷோடு 100 ஆட்டம் ஆடி 28 ஜெயித்து, 72 சமன் செய்து, ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று செய்தி வந்தது. அபாரம்தான். ஆனால் ஸ்டாக்பிஷ்ஷுக்கு ஆரம்ப ஆட்டப் புத்தகம் கொடுக்கவில்லை, நேரத்தைத் தன் இஷ்டப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் விடவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபித்தவர்களை யாரும் நாஸ்திகர்கள் என்று திட்டவில்லை. அடுத்த வருஷம் 1000 ஆட்டத்தின் கணக்கோடு புதுச் சோதனையை வெளியிட்டார்கள். அதில் 155 ஜெயம், 6 தோல்வி, மற்றவை சமன். ஆல்பாஜீரோவின் பலம் உறுதியாயிற்று. அதுவும் தோற்கும் என்பதும் தெரிந்தது.

ஆட்டத்தில் ஜெயிப்பது வேறு, போடும் எண் சரியாக இருப்பது வேறு. இதற்குப் பென்சாயிக் அமிலம் எது? இருக்கின்றது. முற்றுகையில் முடிந்த நிலைகளை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு ஒரு நகர்த்தல் முன்னே எது, அதற்கு முன்னே எது என்று பின்னோக்கிக் கணக்கெடுத்துக்கொண்டே போனால், காய்கள் கொஞ்சமாக உள்ள நிலைகளுக்கெல்லாம் முடிந்த முடிவான விடை கிடைத்துவிடும். இரண்டு ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரை இந்தப் பட்டியல் இப்போது தயார். அதில் அபிப்பிராயத்திற்கு இடமே இல்லை.

இந்தப் பட்டியல் முதலில் கவிழ்த்தது இயந்திரத்தை அல்ல, மனிதப் பெரியவர்களை! இரண்டு மந்திரிகளுக்கு எதிரே ஒரே குதிரை நின்றால், குதிரைக்காரர் தப்பிக்கொள்ளக்கூடிய காப்பு நிலை ஒன்று உண்டு என்று 1851-ல் கிளிங், ஹார்விட்ஸ் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். அதையே புத்தகத்துக்குப் புத்தகம் எடுத்துப் போட்டு 130 வருஷம் ஓட்டினார்கள். 1983-ல் கென் தாம்ஸன் கம்ப்யூட்டரில் கணக்கெடுத்தார். அந்தக் காப்பு உடையக்கூடியது, பொதுவாக மந்திரிக்காரருக்கே ஜெயம், மிஞ்சிப்போனால் 66 நகர்த்தல் ஆகும் என்று கண்டார். பெரியவர்கள் எழுதிவிட்டார்கள் என்பதற்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் எத்தனை பேர் ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தைச் சமன் என்று கைகொடுத்துவிட்டு எழுந்தார்களோ!

இயந்திரமும் கவிழ்ந்ததுண்டு. 2017-ல் இங்கிலாந்தில் பென்ரோஸ் பேரிலுள்ள ஸ்தாபனம் ஒரு நிலையை வெளியிட்டது. கருப்புக்கு ராணி, யானைகள், ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் மூன்று மந்திரிகள். வெள்ளைக்கு ராஜாவும் சில சிப்பாய்களும்தான். இயந்திரம் காய்களின் விலையைக் கூட்டிப் பார்த்துக் கருப்புக்கு அமோக ஜெயம் என்றது. சாதாரண ஆட்டக்காரன் பார்த்தால், பெரிய காய்களெல்லாம் சிப்பாய்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன, மந்திரிகளோ ஒரு நிறத்தில்தான் ஓடும், வெள்ளை ராஜா மற்ற நிறத்தில் உலாவிக்கொண்டே இருந்தால் போதும் என்று தெரிந்துவிடும். கஜானா நிறையப் பணம் இருக்கின்றது, சாவி கிணற்றுக்குள் கிடக்கின்றது. அவனைப் பணக்காரன் என்று எழுதிக்கொண்டது இயந்திரம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். டிசம்பர் 12-ந் தேதி, 14-வது ஆட்டம். அதுவரை ஆளுக்கு ஆறரை. ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். இயந்திரம் "சமன்" என்றது. அது பொய்யல்ல. இரண்டு பக்கமும் தவறில்லாமல் ஆடினால் சமன்தான். ஆனால் அந்தச் சமனுக்குப் பாரம் யார் தலையில்? டிங் தலையில். ஒவ்வொரு நகர்த்தலிலும் அவர்தான் தப்பிக்க வேண்டும். அவருடைய மந்திரியோ மூலைக் கட்டத்தில் ஒதுங்கிக் கிடந்தது. 55-வது நகர்த்தலில் யானையை எதிர் யானைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். யானைகள் வெட்டிக்கொண்டன. உடனே குகேஷ் தம்முடைய மந்திரியை எதிரே நிறுத்த, மூலையில் கிடந்த மந்திரியும் வெட்டுப்படுவதைத் தவிர வழியில்லை. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் அதிகமுள்ளவருக்கு ஜெயம். 18 வயதில் சாம்பியன். இரண்டு ராஜா மாத்திரம் மிஞ்சிய பலகைக்கும் சைபர்தான் எண், நான்கு மணி நேரம் கயிற்றின் மேல் நடப்பவனுக்கும் சைபர்தான் எண். இயந்திரத்திற்குக் களைப்பும் கடிகாரமும் கிடையாது. ஆகவே அந்த இரண்டு சைபருக்கும் நடுவே உள்ள தூரம் அந்த எண்ணில் வருவதில்லை. சமனான ஆட்டத்தில் தொடர்ந்து அழுத்திய பையனை, எதிராளி தவறு செய்ததால் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தான் என்று பேசியவர்கள் இந்த எண்ணைத்தான் படித்தார்கள், பலகையைப் படிக்கவில்லை.

முதலில் சொன்ன பையனுடைய கதை இதைவிடக் கேவலமானது. பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த போட்டியில், தன்னைவிட மிகப் பெரிய ஆட்டக்காரர் ஒருவரை ஜெயித்தான். அரை மணிக்குள் ஒருவர் அந்த ஆட்டத்தைச் செல்போனில் போட்டுப் பார்த்து, "இவன் நகர்த்தல்கள் முக்கால்வாசிக்கு மேல் இயந்திரத்தின் நகர்த்தல், இவன் திருடன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அப்படித் திருடுபவர்கள் இல்லாமலில்லை. 2006-ல் நமது தேசத்திலேயே ஒருவர் தொப்பிக்குள் புளூடூத்தை மறைத்து வைத்து ஆடிப் பிடிபட்டுப் பத்து வருஷம் விலக்கப்பட்டார். 1770-ல் இயந்திரத்திற்குள் மனிதன் ஒளிந்திருந்தான், 2006-ல் மனிதனுக்குள் இயந்திரம் ஒளிந்திருந்தது. ஆனால் அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துப் பிடிக்கப்பட்டவர். இந்தப் பையனிடம் என்ன கண்டார்கள்? ஒன்றுமில்லை. எண் ஒன்றுதான் சாட்சி.

நாமும் சதுரங்கம் தெரிந்த இரண்டு தோழர்களும் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தோம். மொத்தம் 32 நகர்த்தல். முதல் 11 எந்தப் புத்தகத்திலும் இருக்கும் ஆரம்பம். 9 நகர்த்தல்கள், எதிராளி வெட்டினான் இவன் திருப்பி வெட்டினான், ராஜாவுக்கு முற்றுகை வந்தது விலகினான் என்ற வகை. அங்கே இயந்திரத்தோடு ஒத்துப்போகாமல் யார் ஆட முடியும்? கடைசி 8 நகர்த்தல், ஜெயம் கையில் வந்துவிட்ட பிறகு எதை ஆடினாலும் ஜெயம். இவை போக, யோசனைக்கு வேலை வைத்தவை 4. அதில் இரண்டு இயந்திரத்தின் நகர்த்தல், இரண்டு அல்ல. அந்த இரண்டில் ஒன்று நல்ல தவறு. எதிராளி அதைக் கவனித்திருந்தால் பையன் தோற்றிருப்பான். திருடுகின்றவன் அதைத் திருடியிருப்பானா?

இதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினோம். பதில் இல்லை. பையன் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. அவனுடைய தகப்பனார் இரவு ஷிப்டு முடித்து வந்து இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. அந்த 32 நகர்த்தலும் பையன் கையாலேயே எழுதிய தாளில் இருக்கின்றன. தாள் இந்த மேசை மேல் இருக்கின்றது. பலகை ஒன்றும், இயந்திரம் ஏற்றிய செல்போன் ஒன்றும் பக்கத்தில் வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் சந்தேகமுள்ள தோழர்கள் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்க்கலாம். நாம் சொன்ன கணக்கில் பிசகிருந்தால் அதையும் இங்கேயே சொல்லலாம். கடைசிப் பஸ் ஒன்பதரைக்கு என்கின்றார்கள், ஆகையால் இதோடு நிறுத்திக்கொள்ளுகின்றோம்.